தடிமனோடு முக்குளிக்கலாமா?

கேள்வி: கனடாவிலிருந்து வந்திருக்கும் என் மருமகன், திருகோணமலைக் கோணேசர் கோயில் மலையடியில் ஸ்கூபா முக்குளிப்புக்கு முற்பணம் கட்டிவிட்டார். மூன்று நாளாகத் தடிமன். மூக்குக்குச் சொட்டு மருந்து விட்டால் போதும் என்கிறார் ஒழுங்கு செய்தவர். இறங்கலாமா? (வாசகர், உப்புவெளி)

பதில்: தடிமன் முற்றாக மாறும்வரை இறங்க வேண்டாம். செவிப்பறைக்குப் பின்னாலுள்ள சிறு காற்றறை தொண்டையோடு ஒரு மெல்லிய குழாயால் இணைந்துள்ளது. தடிமனில் அந்தக் குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிறது. அப்போது வெளியே நீர் அழுத்தும்போது, அதைச் சமப்படுத்தக் காற்று உள்ளே போக முடியாது. 10 மீற்றர் ஆழத்திலேயே அழுத்தம் இரு மடங்காகிவிடுவதால், "ஆழம் போகமாட்டோம், பயமில்லை" என்பது வெறும் பேச்சு. செவிப்பறை கிழிந்து குளிர்நீர் உட்புகுந்தால் தலை சுற்றும். அந்தக் கோயில் மலையடிப் பாறைகளின் நடுவே மேல் எது, கீழ் எது என்றே தெரியாமல் போய்விடும்.

சொட்டு மருந்து அதைவிடப் பொல்லாதது. கீழே இருக்கும்போது அதன் வேகம் தணிந்துவிட்டால், மேலே வரும்போது செவிக்குள் விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். முதுகிலுள்ள காற்றுத் தாங்கி வெறுமையாகும்போது ஏறாமலும் இருக்க முடியாது.

இதையெல்லாம் தடுக்கத்தான், முக்குளிப்பவர் இறங்குமுன் நிரப்பும் உடல்நலப் படிவம் இருக்கிறது. ஆனால் கடற்கரைத் தரகர்கள் அதைத் தாங்களே நிரப்பிக் கையொப்பம் மட்டும் கேட்கிறார்கள். செவியில் இரத்தம் கசிய என்னிடம் வந்த ஓர் இளைஞரின் படிவத்தில், எல்லாக் கேள்விகளுக்கும் எதிரே மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்து, அடியில் ஒருமுறை மட்டும் "இல்லை" என்று எழுதியிருந்தது. அதைப் படகில் ஒருவரும் வாசிக்கவில்லை. அனுமதிச்சீட்டுப் பார்க்க ஆள் உண்டு, இதைப் பார்க்க இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. காலையில் தூசிக்கு நாலு தும்மல் போட்டுவிட்டுப் பிறகு நாள் முழுவதும் சுகமாக இருப்பவருக்கு இருப்பது தடிமன் அல்ல. அவர் கரையில் மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெதுவாக ஊதிப் பார்க்கட்டும். இரு செவிகளிலும் "டிக்" என்ற சத்தம் இலகுவாகக் கேட்டால் இறங்கலாம். ஒரு செவியில் மட்டும் கேட்டாலோ, பலங்கொண்டு ஊத வேண்டியிருந்தாலோ கூடாது. அன்று காலை கேட்டிருக்க வேண்டும், முதல்நாள் கேட்டது கணக்கில்லை.

முற்பணத்தைத் திருப்பிக் கேட்டால் இழுத்தடிப்பார்கள். திகதியை மாற்றித்தரச் சொல்லுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை இங்கே கடல் பெரும்பாலும் அமைதிதான். தடிமன் மாறும்வரை, காய்ச்சல் இல்லையென்றால், புறாமலைத் தீவில் தலை அமிழ்த்தி முக்குளிக்காமல் மேலே மிதந்தபடி பார்க்கட்டும். கறுப்புத் துடுப்புச் சுறாக்கள் அங்கே ஆழமற்ற நீரிலேயே திரிகின்றன.