தினமும் என்ற சொல்

கேள்வி: தினமும் இருபது நிமிடம் தியானம் செய்தால் மனம் மகிழ்ச்சியாக இருக்கும் என்கிறார்கள். ஆராய்ச்சியிலும் நிரூபித்துவிட்டார்களாமே, உண்மையா? நீங்கள் தியானம் செய்வதுண்டா?
(ஒரு வாசகி, பண்ணைக்காடு)

பதில்: தியானம், மகிழ்ச்சி, ஆராய்ச்சி என்று மூன்று கனமான சொற்களை இறக்கிவிட்டு, அவற்றுக்கு முன்னால் ‘தினமும்’ என்று ஒன்றைப் போகிற போக்கில் வைத்துவிட்டீர்கள் அம்மா. எனக்குக் கண்ணில் பட்டது அதுதான்.

எங்கள் கொடைக்கானலில் தினமும் நடக்கிற காரியம் எது என்று யோசித்துப் பார்த்தேன். மூடுபனியைச் சொல்லலாமென்றால், வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வருகிற அன்று பார்த்து அது விடுப்பு எடுத்துக்கொள்கிறது. தெருக்குழாயைப் பற்றிப் பேச வேண்டாம். இந்த இதழ் மாதந்தோறும் வருவதாகப் பெயர்; சந்தாதாரர்களுக்கு உண்மை தெரியும். மிச்சம் இரண்டு. ஒன்று, என் வீட்டு வளைவில் வேன்காரர்கள் அடிக்கும் ஏர் ஹாரன். அதைப் பற்றி இதுவரை ஏழு தலையங்கம் எழுதியிருக்கிறேன், எட்டாவதும் வரும். இன்னொன்று, விடியற்காலையில் என் முட்டைக்கோஸ் பாத்திக்கு வரும் காட்டுமாடு.

அந்த மாடு என்னிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். முதலில் அது என் நண்பர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நண்பர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெயரைச் சொன்னால் சந்தாவை நிறுத்திவிடுவார். பல ஆண்டுகளாகத் தியானம் செய்கிறார். அதில் கிடைக்கும் அமைதியை எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு என் அலுவலகத்துக்கு வந்து சண்டை போடுகிறார். ஊர்ப்பெயர் கொடையா கோடையா என்ற சண்டைக்கே பதினோரு வயது ஆகிறது. சென்ற மார்கழியில் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவர், கண்ணைத் திறந்தபோது நான்கடி தள்ளி ஒரு காட்டுமாடு நின்றிருக்கிறது. முக்கால் டன்னுக்குக் குறையாத உருப்படி. அவருடைய பீன்ஸ் கொடியை மென்றுகொண்டு அவரையே பார்த்திருக்கிறது. இவர் அசையவில்லை. கொடியை முடித்துக்கொண்டு அது போய்விட்டது. பயம் துளிக்கூட எழவில்லை, எல்லாம் தியானத்தின் பலன் என்று அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லிவருகிறார்.

அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் டீச்சரக்கா, சொல்லும் பாடபேதம் வேறு. சம்மணம் போட்டு உட்கார்ந்ததில் இரண்டு காலும் மரத்துப்போய்விட்டதாம். எழுந்திருக்க முடிந்திருந்தால் மனிதர் வத்தலக்குண்டு வரைக்கும் நிற்காமல் ஓடியிருப்பார் என்கிறார்.

நான் இருவர் பக்கமும் இல்லை, மாட்டின் பக்கம். சீரான மூச்சு, தாழ்ந்த பார்வை, பாதி மூடிய கண். பயிற்சிக் கட்டணம் கட்டியதில்லை. ‘மௌன வாரம், மூன்று வேளை உணவுடன்’ என்று பலகை வைத்திருக்கும் விடுதிகளில் தங்கியதில்லை. பீன்ஸ் தீர்ந்ததும் அங்கே போவதை நிறுத்திவிட்டு முட்டைக்கோஸ் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டது. சீடர்கள் இப்படி குருவை மாற்றுவது இந்த நாட்டில் புதிதில்லை.

தினமும் என்றால் என்ன என்று நிஜமாகவே பார்க்க வேண்டுமானால் எங்கள் ஊர் வானாய்வுக்கூடத்துக்கு வாருங்கள். 1904-லிருந்து சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள். மழையும் மேகமும் விட்ட நாளிலெல்லாம் ஒரு படம். இங்கேதான் 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். அந்தப் படங்களில் எதையாவது ஒன்றை உருவி எடுத்துப் பாருங்கள், ஒரு வட்டத்தில் நாலைந்து கரும்புள்ளி, அவ்வளவுதான். நூறு வருடத்துப் படங்களை வரிசையாக வைத்தால் புள்ளிகள் ஏறுவதும் இறங்குவதும், ஏறத்தாழ பதினோரு ஆண்டுக்கு ஒரு சுற்று என்று தெரிகிறது.

இந்தச் சுற்றை முதலில் கண்டுசொன்னவர் வானியல் படித்தவர்கூட இல்லை. ஹைன்ரிக் ஷ்வாபே என்ற ஜெர்மானிய மருந்துக்கடைக்காரர். புதன் கோளுக்கும் உள்ளே, சூரியனுக்கு வெகு அருகில், இன்னொரு கோள் ஒளிந்திருக்கும் என்று நம்பினார். அது சூரியனுக்குக் குறுக்கே கடக்கும்போது கரும்பொட்டாகத் தெரியும் அல்லவா? அதைப் பிடிக்க 1826-லிருந்து வெயில் அடித்த நாளெல்லாம் பார்த்தார். கோளையும் புள்ளியையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் புள்ளிகளையும் எண்ணி எழுதிவைத்தார். பதினேழு வருடம். கோள் கிடைக்கவில்லை, அப்படி ஒரு கோளே இல்லை. 1843-ல் எண்ணிவைத்த கணக்கைப் புரட்டினால், புள்ளிகள், அவர் கணக்குப்படி, ஏறத்தாழ பத்து வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவது தெரிந்தது. அதைத்தான் உலகத்துக்குச் சொன்னார்.

தியானத்தின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் வந்திருக்கிறது. தேடிப் போனது மகிழ்ச்சி. 2014-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றும் ஓரளவு குறைகின்றன என்பதற்கு மிதமான சான்று இருந்தது. மகிழ்ச்சி போன்ற நல்ல உணர்வுகள் கூடுகின்றனவா? சான்று போதாது என்று எழுதிவிட்டார்கள். உடற்பயிற்சியைவிட, மருந்தைவிட மேல் என்பதற்கும் சான்று இல்லை. ஆக, நிரூபித்துவிட்டார்கள் என்று உங்களிடம் சொன்னவர் முதல் வாக்கியத்தோடு பத்திரிகையை மடித்துவைத்துவிட்டார். வலி குறைவது சின்ன விஷயமா என்ன? 1979-ல் மாசசூசெட்ஸில் ஜோன் கபாட்-ஜின் என்பவர் தியானப் பயிற்சியைத் தொடங்கியதே மருத்துவமனையில், தீராத வலியோடு அலைந்தவர்களுக்காகத்தான். பல் வலி நின்ற மறுநாள் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு மகிழ்ச்சி என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்பதைத் தலைமையாசிரியரும் நானும் இன்னொரு பத்து வருடம் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.

அவருக்கு ஒரு வெற்றியை இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் 84 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2022-ல் வெளிவந்தது. வகுப்பில் கவனத் தியானம் (மைண்ட்ஃபுல்னஸ் என்கிறார்களே, அது) சொல்லிக்கொடுத்ததில், வழக்கமான பாடத்தைவிட அதிகமாக எந்தப் பலனும் இல்லை. பார்த்தீர்களா என்று அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை படித்தார். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை என்ற வரியில் விரலை வைத்தார். “வீட்டுப்பாடம் செய்யாதவன் தேறவில்லை என்றால் பாடத்தின் மீது என்ன குற்றம்?” என்றார். முப்பத்தைந்து வருடம் பிரம்பு பிடித்த கை. பதில் சொல்லத் தோன்றவில்லை.

எனக்குப் பிடித்த ஆராய்ச்சி வேறொன்று. அதில் யாரும் கண்ணை மூடவில்லை. ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேருடைய கைபேசிகளுக்கு நேரங்கெட்ட நேரத்தில் கேள்வி அனுப்பினார்கள்: இப்போது என்ன செய்கிறாய், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறாய்? 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் 47 விழுக்காடு மனம் வேறெங்கோ இருந்தது. இனிமையான நினைப்பில் திரிந்தவர்கள்கூடக் கைவேலையில் மனம் வைத்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை. பூம்பாறையில் மலைப்பூண்டு உரிக்கும் கிழவிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மனம் அலைந்தால் நகக்கண் கிழியும்.

ஆராய்ச்சி அலுத்துவிட்டால் பெருமாள்மலைக்குப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். இயேசு சபைப் பாதிரியாரான அமா சாமி 1996-ல் அங்கே போதி ஜெண்டோ என்ற ஜென் தியான இல்லத்தைத் தொடங்கினார். நம் நாட்டுச் சொல் ‘தியானம்’ சீனத்துக்குப் போய்ச் ‘சான்’ ஆயிற்று, ஜப்பானில் ‘ஜென்’ ஆயிற்று, கடைசியில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரோடு எங்கள் பழனி மலைத்தொடரில் ஏறியது. கொடைக்கானல் வரும் வண்டிகளிடம் இ-பாஸ் கேட்காத காலம், அதனால் தடையில்லாமல் வந்துவிட்டது. போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இடத்தில் எனக்குக் கடிதம் எழுதத் தொடங்குவார்கள். எழுதட்டும். அது கர்ணபரம்பரைக் கதை என்று இரண்டு முறை பதில் சொல்லிவிட்டேன்.

நான் தியானம் செய்வதுண்டா என்று கேட்டீர்கள். ஜென் வழியில் தொடக்கக்காரர்களுக்கு மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்வார்கள். கணக்கு தவறினால் மறுபடி ஒன்று. தலைமையாசிரியரின் தொல்லை தாங்காமல் பதினொரு நாள் உட்கார்ந்தேன். ஆறுக்கு மேல் போனதில்லை. ஆறில் ஒரு வேன் வளைவுக்கு வந்துவிடும். பன்னிரண்டாம் நாள் மாடு வந்து நின்றது. எனக்குக் கால் மரத்திருக்கவில்லை. ஆகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். பண்ணைக்காட்டில் ஹாரன் குறைவு. எத்தனை வரை எண்ண முடிந்தது என்று எழுதுங்கள். அப்படியே சந்தாவையும் அனுப்பிவையுங்கள் அம்மா, மார்ச்சோடு முடிந்துவிட்டது.