டுர்க்ஹைம் பற்றிச் சில கேள்விகள்

கே: சமூகவியலில் படித்த துர்க்கைம்தானே இவர்?

ப: இல்லை. அவர் எமில் துர்க்கைம், பிரெஞ்சுக்காரர், 1917-லேயே காலமானவர். இவர் கார்ல்ஃப்ரீட் கிராஃப் டுர்க்ஹைம் (1896–1988), மியூனிக்கில் பிறந்த ஜெர்மானியர், ஜென் தியானத்தையும் உளசிகிச்சையையும் இணைத்தவர். 'கிராஃப்' என்பது பிரபுப் பட்டம்.

கே: போர்வீரராக இருந்தவர் ஜென் என்ற ஜப்பானியப் பௌத்த தியான வழியின் பக்கம் எப்படி வந்தார், ஐயா?

ப: முதல் உலகப் போர் முழுக்கப் போர்முனையில் இருந்தவர். அப்புறம் மியூனிக்கில் ஓர் ஓவியரின் கூடத்தில், பின்னாளில் இவர் மனைவியான எஞ்ஞா, பழைய சீன ஞானநூலான தாவோ தே ஜிங்கின் 11-ஆம் பாடலை வாசித்தார். முப்பது ஆரக்கால்கள் சக்கரத்தின் குடத்தில் (நடு அச்சுப்பகுதியில்) சேர்ந்தாலும் நடுவிலுள்ள வெறுமையால்தான் சக்கரம் பயன்படுகிறது என்னும் பாட்டு. கேட்ட நொடியில் உள்ளே ஏதோ திறந்துகொண்டது என்று வயதான பிறகும் சொல்லிவந்தார். ஜென் பழகியது ஜப்பான் போன பிறகுதான்.

கே: நாஜிகளிடம் வேலை பார்த்தாராமே?

ப: ஆமாம், மழுப்பத் தேவையில்லை. 1930-களில், ஹிட்லரின் வெளியுறவு அமைச்சரான ரிப்பன்ட்ராப்பிடம் வேலை பார்த்தார். பாட்டி யூத வம்சம் என்று தெரிந்ததும் அங்கே நீடிக்க முடியாமல் 1938-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கேயும் ஜெர்மனிக்குப் பிரசாரம்தான். ஜென் அறிஞர் சுசுகியைச் சந்தித்ததும் வில்வித்தை பழகியதும் அதே காலத்தில். போருக்குப் பின் டோக்கியோவின் சுகாமோ சிறையில் சுமார் 16 மாதம். சிறையில் தியானம் செய்ததை அன்பர்கள் விரித்துச் சொல்வார்கள். அங்கே ஏன் போனார் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கே: மதம் மாறினாரா?

ப: இல்லை, கடைசிவரை கிறிஸ்தவர். இடைக்கால ஜெர்மன் கிறிஸ்தவ ஞானி எக்ஹார்ட்டைப் பெரிதும் போற்றினார்.

கே: நான் யோகா சொல்லித்தருகிறேன். இவர் சிகிச்சையில் உடம்புக்கு என்ன வேலை?

ப: எல்லா வேலையும் அதற்குத்தான். 1947-ல் ஊர் திரும்பி, தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டிலுள்ள டோட்மோஸ்-ரூட்டே என்ற சிற்றூரில் உளவியலாளர் மரியா ஹிப்பியுஸுடன் மையம் தொடங்கினார். பேச்சோடு மௌனமாக உட்காருவதும் வரைவதும் அங்கே சிகிச்சைதான். 'எனக்கு இருக்கும் உடம்பு' வேறு, 'நானாக இருக்கும் உடம்பு' வேறு என்பார். ஜெர்மனில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. (நமக்கு 'மெய்' என்ற ஒரே சொல் உடம்பையும் உண்மையையும் குறிக்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்!)

கே: வயிற்றை எக்கி நெஞ்சை நிமிர்த்தச் சொல்வதும் அதுதானே?

ப: நேர் எதிர். அது 'நான், நான்' என்று விறைத்து நிற்பது என்பார். அவர் சொல்லித்தந்தது 'ஹாரா'. ஜப்பானிய மொழியில் வயிறு என்று பொருள். தோளைத் தளர்த்தி, பாரத்தை அடிவயிற்றில் இறக்கி நில்லுங்கள். வகுப்பில் ஒருமுறை செய்து பாருங்கள். முதலில் தோள்தான் அடம்பிடிக்கும்.