ரப்பர் விரிப்பும் மகளின் கேள்வியும்

கேள்வி: எனக்கு 43 வயது. பி.காம். படித்தவள். கொஞ்ச நாளாக, பொது வாசகர்களுக்காக எழுதப்பட்ட அறிவியல் நூல்களை ஆசையாக வாங்கிப் படிக்கிறேன். இழுத்துக் கட்டிய ரப்பர் விரிப்பில் இரும்புக் குண்டை வைத்தால் குழி விழும், பக்கத்தில் உருட்டிவிட்ட கோலி அதைச் சுற்றி வரும், பூமி சூரியனைச் சுற்றுவதும் இப்படித்தான் என்று ஒன்றில் இருந்தது. நன்றாகப் புரிந்தது. பிளஸ் ஒன் படிக்கும் மகளிடம் சொன்னேன். "கோலி குழிக்குள்ள ஏம்மா இறங்குது? கீழே பூமி இழுக்கறதாலதானே? அப்ப ஈர்ப்பை வச்சே ஈர்ப்பை விளக்கறாங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. புரிந்ததாக நினைத்ததெல்லாம் வெறும் மயக்கமா? கணிதம் தெரியாத நான் இவற்றைப் படிப்பது வீண்தானா?
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் உங்கள் மகளைக் கட்டிக்கொள்ளுங்கள். அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்த உவமையில் உள்ள ஓட்டை அதேதான்.

பள்ளியில் உவமை, உவமேயம், பொதுத்தன்மை என்று படித்திருப்பீர்கள். 'முத்துப்பல்' என்றால் வெண்மையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பல் சிப்பிக்குள் விளைகிறது என்று யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் பல்லையும் நமக்குத் தெரியும், முத்தையும் தெரியும். அறிவியல் நூலில் சிக்கல் இங்கேதான் வருகிறது. அங்கே உவமை மட்டும்தான் தெரியும், உவமேயத்தை நாம் பார்த்ததே இல்லை. அதனால் எது பொதுத்தன்மை, எது வெறும் ரப்பர் என்று பிரிக்க முடியாமல் மொத்தத்தையும் விழுங்கிவிடுகிறோம். இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. 'இந்த உவமை இதுவரைக்கும்தான்' என்று எழுத்தாளர் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்.

ஏன் சேர்ப்பதில்லை? ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாகும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங்கிடம் ஒருவர் சொன்னாராம். 1988இல் வந்த தன் புகழ்பெற்ற நூலில் அவர் ஒரே ஒரு சமன்பாட்டைத்தான் வைத்துக்கொண்டார். கணிதத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தை உவமைதான் நிரப்ப வேண்டும். அந்த ரப்பர் விரிப்பு விளக்க வருவது, பொருள்கள் தம்மைச் சுற்றியுள்ள இடத்தையும் காலத்தையும் வளைக்கின்றன, அந்த வளைவுதான் ஈர்ப்பு என்ற ஐன்ஸ்டைனின் கொள்கையை. அவருக்கே இது கைகூட 1907 முதல் 1915 வரை எட்டு ஆண்டு ஆயிற்று. வளைந்த பரப்புகளின் கணிதத்துக்கு மார்செல் கிராஸ்மன் என்ற நண்பரின் உதவி தேவைப்பட்டது. அதை இருபது பக்கத்தில் சொல்ல வந்தவர் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, மகளுக்கு என்ன சொல்வது? முழு மஞ்சள் பூசணி ஒன்று வாங்குங்கள். அதன் நடுவயிற்றில் இரண்டு எறும்புகள் அருகருகே நின்று, காம்பை நோக்கி நேராக நடக்கத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது இரண்டு பாதையும் இணையாகத்தான் இருக்கும். ஒன்றுகூட இடமோ வலமோ திரும்பாது. ஆனாலும் போகப் போக நெருங்கி, காம்பருகே முட்டிக்கொள்ளும். பூசணியின் வளைவு தெரியாதவர், ஏதோ விசை இரண்டையும் சேர்த்து இழுத்தது என்றுதான் சொல்வார். இழுப்பே இல்லாமல் வளைவு மட்டும் நெருங்க வைக்கிறது. ஐன்ஸ்டைன் சொன்னதன் சாரம் இது. கீழிருந்து யாரும் இழுக்க வேண்டியதில்லை.

பூசணிக்கும் எல்லை உண்டு. ஐன்ஸ்டைன் சொன்னது இடத்தோடு காலமும் சேர்ந்து வளைவதை. கையிலிருந்து நழுவிய டம்ளர் தரையில் விழுவதற்குக் காலத்தின் வளைவுதான் பெரும் காரணம். ரப்பர் விரிப்பில் காலம் வரவே இல்லை பாருங்கள்! காலம் வளைவது என்றால், தாழ்வான இடத்தில் இருக்கும் கடிகாரம் மெதுவாக ஓடும். 2010இல் அமெரிக்காவில் ஒரு கடிகாரத்தை வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்தியே இந்த வித்தியாசத்தை அளந்துவிட்டார்கள். நமக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், அவற்றின் உயரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துகின்றன. சின்ன எண்தான், ஆனால் அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். அதனால் அதைத் திருத்தித்தான் பயன்படுத்துகிறார்கள்.

அப்புறம் அந்த 'மயக்கம்'. அது எல்லோருக்கும் உண்டு. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரோசன்பிளிட், கெய்ல் இருவரும் ஜிப், பூட்டு, தையல் மிஷின் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று சிலரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னதும், தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண்ணை அவர்களே குறைத்துக்கொண்டார்கள். தினமும் இழுக்கிற ஜிப்புக்கே இந்தக் கதி என்றால் ஈர்ப்பு விசையில் தடுமாறியதற்கு ஏன் வருத்தம்? நீங்கள் மகளிடம் சொல்லிப் பார்த்தீர்கள். அதனால்தான் புரியாத இடம் எது என்று தெரிந்தது. அதை நிறுத்தாதீர்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் நூலை மூடிவிட்டு அவளிடம் சொல்லுங்கள். உவமை வந்தால், பக்க ஓரத்தில் பென்சிலால் 'எதுவரை?' என்று குறித்து வையுங்கள்.

அண்டம், கருந்துளை என்றே போகாமல், தொட்டுப் பார்க்க முடிகிறதையும் நடுநடுவே படியுங்கள். மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக ஒரு மெழுகுவத்தியை மட்டுமே வைத்து ஆற்றிய உரைகள் 1861இல் நூலாக வந்தன. சமையலறையிலேயே சோதிக்கலாம். மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். திரியைத் தொடாமலே தீ புகை வழியாக இறங்கிப் பற்றிக்கொள்ளும். எரிவது திரி அல்ல, மெழுகின் ஆவி என்பதற்கு உவமையே தேவைப்படாது.

பூசணியை அறுப்பதற்கு முன் மகளிடம் காட்டிவிடுங்கள். அதிலும் அவள் ஓட்டை கண்டுபிடிப்பாள். என்ன கேட்டாள் என்று அவசியம் எனக்கு எழுதுங்கள்.