கேள்வி – பதில்: இருவர் கூடாரமும் கடற்கரை இரவும்

ஓகஸ்ட் விடுமுறை நெருங்குவதால், முதுகுப்பையில் சுமந்து செல்லக்கூடிய இருவர் கூடாரங்களைப் பற்றிய கடிதங்களே இம்முறை அதிகமாக வந்துள்ளன. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, திருகோணமலை மாவட்டத்தின் மணலுக்கும் காற்றுக்கும் பொருந்தும்படி விடை தந்திருக்கிறோம்.

இருவருக்கானது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் கூடாரத்தில் உண்மையாகவே இருவர் படுக்க முடியுமா? நானும் கணவரும் உயரமானவர்கள். பைகளை எங்கே வைப்பது என்பதும் தெரியவில்லை. — வாசகி, உப்புவெளி

படுக்கலாம், ஆனால் படுப்பதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. கூடாரத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்பதை உற்பத்தியாளர்கள் தோளோடு தோள் ஒட்டிக் கிடத்தக்கூடிய படுக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டே சொல்கிறார்கள். பைக்கும் பாதணிக்கும் புரண்டு படுப்பதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. இந்த வகைக் கூடாரங்களின் தரை பெரும்பாலும் 210 முதல் 215 செ.மீ வரை நீளமும், 125 முதல் 130 செ.மீ வரை அகலமும் கொண்டது. எடையைக் குறைப்பதற்காகச் சிலவற்றில் கால்மாட்டை ஒடுக்கியும் விடுகிறார்கள். சாதாரண நடைப்பயணக் காற்றுப்பாய் 51 செ.மீ அகலமுடையது என்பதால் இரண்டை விரித்தாலும் சிறிது இடம் மிஞ்சும். ஆனால் 64 செ.மீ அகலமான பாய்கள் இரண்டை வாங்கினால் 128 செ.மீ ஆகிவிடும், ஒடுங்கிய கால்மாட்டில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

உயரமானவர்கள் தரையின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறுவதுண்டு. ஐந்தாறு செ.மீ தடிப்பான பாயின்மேல் படுக்கும்போது தலையும் பாதமும் அந்த அளவுக்கு மேலெழுகின்றன. கூடாரத்தின் சுவர் உட்பக்கமாகச் சரிந்திருந்தால், தரையில் போதுமான இடம் இருந்தும் பாதம் ஈரத் துணியில் முட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஆறடியை எட்டுபவர்கள், இரண்டு அந்தங்களிலும் சுவர் ஏறக்குறைய செங்குத்தாக எழும் வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். உச்சி உயரம் பெரும்பாலும் ஒரு மீற்றர் அளவே இருக்கும். ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து உடை மாற்றும்போது மற்றவர் படுத்திருப்பதே நல்லது.

பைகளுக்கு உரிய இடம், உள்கூடாரத்தின்மேல் மழைக்காகப் போர்த்தும் வெளிவிரிப்பு வாசலுக்கு முன்னால் நீண்டு உண்டாக்கும் சிறு தாழ்வாரம். இங்கேதான் வாசல்களின் எண்ணிக்கை முக்கியமாகிறது. நேச்சர்ஹைக் நிறுவனத்தின் கிளவுட் அப் 2 போன்ற கூடாரங்களில் தலைமாட்டில் ஒரே வாசல் இருக்கிறது. எம்.எஸ்.ஆர் நிறுவனத்தின் ஹப்பா ஹப்பா போன்றவற்றில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு தாழ்வாரமும் உண்டு. ஒற்றை வாசல் எடையையும் விலையையும் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் எங்கள் கரையோர வெப்பத்தில் இரண்டாவது வாசல் என்பது நள்ளிரவில் மற்றவரை மிதிக்காமல் வெளியேறுவதற்கான வழி மட்டுமன்று, எதிரெதிராகத் திறந்து காற்றை ஊடுருவ விடுவதற்கான வழியும் அதுவே. நீங்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களாயின், ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டேகால் கிலோவுக்கும் இடையிலான வேறுபாட்டுக்காக இந்த வசதியை இழப்பதில் அர்த்தமே இல்லை. வாங்குவதற்கு முன் கூடாரத்தின் அளவை வீட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, இருவரும் அதற்குள் படுத்துப் பாருங்கள்.

நிலாவெளியில் மழையே இல்லாத ஓர் இரவில் தங்கினோம். விடியும்போது வெளிவிரிப்பின் உட்பக்கம் முழுவதும் நீர்த்துளிகள், படுக்கையும் நனைந்திருந்தது. கூடாரம் பழுதானதா? திருப்பிக் கொடுக்கலாமா? — வாசகர், சாம்பல்தீவு

இந்தக் கேள்வி வேறு பல கடிதங்களிலும் இருந்தது. பழுது என்று முடிவு செய்வதற்கு முன் நீர் எங்கே இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒழுக்கு என்றால் ஒரு தையல் வழியாகக் கோடாக இறங்கும், அல்லது ஒரு மூலையில் தேங்கும். விரிப்பின் உட்பக்கம் முழுவதும் ஒரே சீராகத் துளிகள் பூத்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படிந்ததே, கூடாரத்தில் குறையில்லை.

மேகமற்ற இரவில் மெல்லிய துணி தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு விரைவாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்துவிடுகிறது. கடலோரக் காற்று ஏற்கனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால், இரண்டு மூன்று பாகை குளிர்ச்சியே அதிலுள்ள நீராவி துளியாக மாறுவதற்குப் போதும். விடியற்காலையில் முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இருக்கை நனைந்திருப்பதும் இதனாலேயே. இதனோடு உங்கள் மூச்சும் வியர்வையும் சேர்கின்றன. ஒருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் வெளியேற்றும் நீர் ஏறத்தாழ கால் லீற்றர். இருவர் உறங்கும் மூடிய கூடாரத்தில் அரை லீற்றர் நீர் எங்காவது படிந்துதானே ஆக வேண்டும்?

முழுமையாகத் தடுக்க முடியாது, ஆனால் பெருமளவு குறைக்கலாம். மரத்தின் கீழ் அடித்த கூடாரத்தில் பனி குறைவு, ஏனெனில் கிளைகள் துணிக்கும் வானத்துக்கும் இடையில் நின்று வெப்ப இழப்பைத் தடுக்கின்றன. தென்னையின் கீழ் மட்டும் வேண்டாம். தேங்காயும் மட்டையும் விழும் இடத்தில் உறங்குவதைவிட நனைவதே மேல். வேம்போ புளியோ இருந்தால் மிகவும் நல்லது. அது உங்களுக்குக் கிழக்குப் பக்கமாக நின்றால் இன்னொரு பயனும் உண்டு. இங்கே சூரியன் கடலிலிருந்து நேராக எழுவதால், நிழல் இல்லாத கூடாரத்துக்குள் காலை ஏழு மணிக்குப் பிறகு இருக்க முடியாது.

அடுத்தது வாசலின் திசை. வருபவர்கள் எல்லோரும் வாசலைக் கடலை நோக்கி வைக்கிறார்கள், காட்சி அழகாக இருக்கும் என்பதற்காக. பகலில் கடற்காற்று வருவது உண்மைதான். ஆனால் இரவில் தரை கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. மே முதல் செப்ரெம்பர் வரையான கச்சான் காலத்தில் பொதுவான காற்றும் அதே தென்மேற்குத் திசையிலிருந்தே வருகிறது. எனவே உறங்கும் நேரத்தில் திறந்திருக்க வேண்டியது தரைப்பக்கத்து வாசல். உச்சியிலுள்ள காற்றுத்துளைகளையும் திறந்து வைத்தால், வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலெழுந்து வெளியேற, கீழிருந்து புதிய காற்று உள்ளே வரும். கடலில் குளித்த ஈர உடைகளை உள்ளே தொங்கவிடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

யூன் முதல் ஓகஸ்ட் வரை, மரத்தின் கீழ், மழைக்குறி இல்லாத இரவில், வெளிவிரிப்பைச் சுருட்டி ஒரு பக்கமாகக் கட்டிவிட்டு வலைத்துணியாலான உள்கூடாரத்தில் மட்டும் படுப்பதே மிகச் சுகமானது. நுளம்பும் வராது, புழுக்கமும் இராது. மழை தூறினால் ஒரு நிமிடத்தில் இழுத்து மூடிவிடலாம். உள்கூடாரம் கனமான துணியால் மூடப்பட்ட வகைகளை இந்த மாவட்டத்துக்கென்று வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கடற்கரை மணலில் அடித்த முளைகள் கச்சான் காற்றில் பிடுங்கிக்கொண்டு வருகின்றன. என்ன செய்யலாம்? — வாசகர், கிண்ணியா

கூடாரத்தோடு தரப்படும் ஒரு சாண் நீளக் கம்பி முளைகள் இறுகிய மண்ணுக்கானவை. உலர்ந்த மணலில் அவற்றுக்குப் பிடிமானமே கிடையாது. முளையை நட்டுவைப்பதற்குப் பதிலாகப் புதைத்துவிடுங்கள். தென்னை மட்டையில் ஒரு முழத் துண்டை வெட்டி, நடுவில் கயிற்றைக் கட்டி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காக முழங்கை ஆழத்தில் கிடத்தி, மணலைப் போட்டு மிதித்து இறுக்க வேண்டும். மட்டை கிடைக்காவிட்டால் மணல் நிரப்பிய துணிப்பையை அதேபோலப் புதைக்கலாம். முளையில்லாமலே நிமிர்ந்து நிற்கும் கூடாரங்களையும் கட்டியே ஆக வேண்டும். அவை நிற்பது தம் கம்பிகளின் வளைவினால்தான். காற்றைத் தாங்கும் பாரம் அவற்றில் இல்லை. உள்ளே யாரும் இல்லாத நேரத்தில் ஒரு வீச்சுக் காற்று அவற்றைக் கடலுக்குள் உருட்டிச் சென்றுவிடும்.

1500 மில்லிமீற்றர், 3000 மில்லிமீற்றர் என்று துணியின் நீர்த்தடுப்பைக் குறிப்பிடுகிறார்கள். மாரிமழையைத் தாங்க எது போதும்? — வாசகர், மூதூர்

அது மழைவீழ்ச்சியின் அளவு அன்று. துணியின்மேல் அத்தனை உயரமான நீர்த்தூண் நின்றாலும் நீர் ஊறி வராது என்பதே அதன் பொருள். மழைத்துளி துணியில் தரும் அழுத்தம் சிறியது என்பதால் வெளிவிரிப்புக்கு 1500 போதும். நல்ல சிலிக்கன் பூச்சுடைய 1200 அளவுத் துணிகளும் நன்றாகவே தாங்குகின்றன. தரைத்துணியின் நிலை வேறு. ஈரமண்ணின்மேல் முழங்காலை ஊன்றும்போது உடற்பாரம் முழுவதும் ஒரு சிறிய இடத்தில் இறங்குவதால், அதற்கு 3000 அளவாவது இருப்பது விரும்பத்தக்கது. கீழே பொலித்தீன் விரிப்பவர்கள், அது வெளிவிரிப்பின் ஓரத்துக்கு வெளியே நீளாமல் மடித்துவிட வேண்டும். நீண்டிருந்தால், வழியும் மழைநீரை அதுவே ஏந்தி உங்கள் முதுகின் கீழ் கொண்டுவந்து சேர்க்கும்.

உண்மையில் முதலில் ஒழுகுவது துணியன்று, தையல். தையலின்மேல் நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசிய துணியில் நாடா ஒட்டாது. அதற்குரிய பசையை நீங்களே பூச வேண்டியிருக்கும். இன்னொன்று, நைலோன் நனைந்தால் நீண்டு தொய்யும். மாலையில் விறைப்பாகக் கட்டிய விரிப்பு நள்ளிரவில் தளர்ந்து உள்கூடாரத்தைத் தொட்டுவிட்டால் நீர் உள்ளே கசியும். ஒருமுறை எழுந்து கயிறுகளை இழுத்துக் கட்டத்தான் வேண்டும். பொலியெஸ்டர் அவ்வளவு தொய்வதில்லை, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். சற்றுப் பாரமானாலும் எங்கள் பக்கத்துக்கு அதையே பரிந்துரைக்கிறோம்.

இவ்வளவும் ஓரிரு மணிநேரம் பெய்து ஓயும் மழைக்கானவை. கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகியிருக்கும் நாட்களில் எந்த எண்ணும் உதவாது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் கரையேறியது இந்த மாவட்டத்தின் வடக்குக் கரையில்தான். அத்தகைய அறிவிப்பு உள்ளபோதும், ஒக்ரோபரில் மாலை இடி முழங்கும்போதும் கூடாரத்தை விட்டுக் கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள். கூடாரம் மின்னலிலிருந்து காப்பாற்றாது.

சென்ற வருடம் மடித்து வைத்த கூடாரத்தை எடுத்துப் பார்த்தபோது உட்பக்கம் பசைபோல ஒட்டுகிறது, புளித்த நாற்றமும் அடிக்கிறது. சரிசெய்ய முடியுமா? — வாசகி, திருகோணமலை நகர்

வருத்தத்துடன் சொல்கிறோம், முடியாது. துணியின் உட்பக்கத்துப் பொலியுரேத்தேன் பூச்சு, ஈரமும் வெப்பமும் சேரும்போது வேதியியல் முறையில் சிதைகிறது. தொடங்கிவிட்டால் மீட்க வழியில்லை. நுளம்பு வலையாக உதவும் உள்கூடாரத்துக்குப் பாதிப்பில்லையெனில் அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கூடாரத்துக்காகச் சில வார்த்தைகள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் நன்னீரில் அலசி, நிழலில் முழுமையாகக் காயவிடுங்கள். சலவைத்தூள் பூச்சைக் கெடுக்கும். சலவை இயந்திரம் தையலைக் கெடுக்கும். உறையில் இறுக்கித் திணிக்காமல் பழைய தலையணை உறையில் தளர்வாக இட்டு, வீட்டின் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். தகரக் கூரையின் கீழும், காரின் பின்பெட்டியிலும் வைக்கக் கூடாது. கம்பிகளின் பொருத்துகளிலும் சிப்பின் பற்களிலும் மணல் எஞ்சியிருக்கும். அதைப் பழைய பல்தூரிகையால் தட்டிவிட வேண்டும். சிப் இழுத்த பின்பும் பின்னால் பிரிந்துகொண்டு வந்தால் கூடாரத்தை ஒதுக்கிவிட வேண்டாம். பெரும்பாலும் மணலால் தேய்ந்து வாய் அகன்றுவிட்ட சறுக்கியே காரணம். சிறு குறட்டால் அதன் இரண்டு ஓரங்களையும் மெல்ல நெரித்தால் மீண்டும் பற்களைப் பிடிக்கும்.

புறாமலைத் தீவில் கூடாரமிட்டுத் தங்கலாமா? — வாசகர், உவர்மலை

தங்க முடியாது. 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவுக்கு, அனுமதிச்சீட்டுப் பெற்றுப் பகலில் மட்டுமே சென்று திரும்பலாம்.

கந்தளாய்க் குளத்தருகே ஓர் இரவு, பின்பு ஓட்டன் சமவெளிப் பக்கம் இரண்டு இரவுகள் என்று திட்டமிட்டிருக்கிறோம். ஒரே கூடாரம் போதுமா? — வாசகர், சம்பூர்

கூடாரம் ஒன்றே போதும், ஆனால் திட்டத்தின் முதற்பகுதியை மாற்றிக்கொள்ளுங்கள். கந்தளாய்ப் பகுதியில் யானைகள் மாலைக்குப் பிறகு நீருக்கு வருகின்றன. அவற்றின் வழியில் நிற்கும் மெல்லிய துணி எதையும் தடுக்காது. பழமோ சோறோ உள்ளே இருந்தால் மணம் பிடித்துத் தேடி வரவும் கூடும். அங்கே வீட்டுக் கூரையின் கீழ் அல்லது விடுதியில் தங்குவதே முறை.

ஓட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்பதால், இங்கே வியர்க்கும் இரவில் அங்கே பதின்மூன்று, பதினான்கு பாகை குறைவாக இருக்கும். தை, மாசியில் உறைபனியும் விழுவதுண்டு. வலைத்துணிக் கூடாரத்தில் அங்கே குளிர்காற்று புகும் என்பது உண்மையே. அதற்காக இன்னொரு கூடாரம் வாங்குவதைவிட, தரமான உறக்கப்பையும் தரைக்குளிரைத் தடுக்கும் தடித்த பாயும் வாங்குவது பயன் தரும். குளிர் தாங்காமல் அடுப்பை உள்ளே கொண்டுசென்று எரிப்பவர்கள் இருக்கிறார்கள். மூடிய துணிக்குள் சேரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவர் விழித்தெழாமலே உயிரிழக்கலாம். அடுப்பு எப்போதும் வெளியே இருக்கட்டும். இரவுத் தங்கலுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பெற்ற, குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே அங்கு கூடாரமிடலாம் என்பதால், புறப்படுவதற்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.