பெட்டி பெருசு, பேஸ் எங்கே? – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் பாதி, பேஸ் எனும் அடித்தொனியை மட்டும் தரும் சப்-வூஃபர் பெட்டி பற்றியவை. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியதெல்லாம் இப்போதுதான் குணத்தைக் காட்டுகிறது போல.

கே: பாட்டே போடாவிட்டாலும் சப்-வூஃபர் 'ங்ங்ங்' என்று முனகுகிறது. கடைக்காரர் "அது அப்படித்தானுங்க" என்கிறார். – சோமனூர் வாசகர்

ப: தறிச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கே கேட்கிறதென்றால் அது சின்ன முனகல் இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் இரட்டிப்பான 100-ம்தான் இப்படி முனகும். முதலில் சப்-வூஃபருக்குப் போகும் ஆடியோ ஒயரைக் கழற்றுங்கள். அப்போதும் முனகினால் கோளாறு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, வாரண்டியில் கொடுங்கள். நின்றுவிட்டால் எர்த் வழியாக வரும் வம்பு. ஒயரைத் திரும்ப மாட்டி, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். பல வீடுகளில் திருடன் அங்கேதான் ஒளிந்திருப்பான். அந்தக் கேபிளுக்கு, சிக்னலை விட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் தீரும். டிவி, ஆம்ப்ளிஃபையர், சப்-வூஃபர் மூன்றையும் ஒரே போர்டில் மாட்டுவதும் உதவும். ஆனால் முனகல் போகட்டும் என்று மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஷாக் அடித்தால் நாம் முனகக்கூட நேரமிருக்காது.

கே: சப்-வூஃபரைப் பரணில் வைக்கலாமா? – பெருந்துறை

ப: கூடாது.

கே: அறை 14 அடிக்கு 11. சப்-வூஃபரை மூலையில் வைத்தால் பீரோ அதிர்கிறது, சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை. – பொள்ளாச்சி

ப: சோபா அறையின் நட்டநடுவில்தானே? 14 அடி நீளத்தில் 40 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, சுவரோரம் குவியும், நடுவில் செத்துப்போகும். சோபாவை இரண்டடி தள்ளினாலே வித்தியாசம் தெரியும். தள்ள இடமில்லையா? சப்-வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். ஒரே பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். தவில் அடி ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாக விழும் இடம் எதுவோ, அதுதான் பெட்டிக்கு இடம். நான் தவழ்ந்தபோது பேத்தி "அப்புச்சி யானை" என்று முதுகில் ஏறிக்கொண்டாள். இருந்தும் இடம் கிடைத்தது.

கிராஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழுள்ள சத்தம் சப்-வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். ரிசீவரில் (ஆம்ப்ளிஃபையர் பெட்டியில்) அதை வைத்துவிட்டால் சப்-வூஃபருக்குப் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் குமிழை அதிக எண் பக்கம் கடைசிவரை திருப்பிவிட வேண்டும், இரண்டு இடத்தில் வெட்டக்கூடாது. சப்-வூஃபரும் மற்ற ஸ்பீக்கர்களும் ஒத்துப்போக ஃபேஸ் என்றொரு சுவிட்ச் இருக்கும்; அதை 0-வில் வைப்பதா 180-லா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சோபாவில், ஒருவர் சுவிட்சில். எதில் பேஸ் கனக்கிறதோ அதுவே சரி.

கே: 5000 வாட்ஸ் என்று பார்த்து வாங்கினேன். பக்கத்து வீட்டு 100 வாட்ஸ் பெட்டி இதைவிடக் கனமாகக் கேட்கிறது. ஏமாந்துவிட்டேனா? – கோபி

ப: ஆமாம். அந்த 5000-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பிஎம்பிஓ (கண நேர உச்சத் திறனாம்) என்றிருக்கும், பாருங்கள். அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான தரம் எதுவும் கிடையாது. விற்பவர் மனம்போல எழுதிக்கொள்ளலாம். கேட்க வேண்டியது ஆர்எம்எஸ், தொடர்ந்து தரக்கூடிய திறன் அதுதான். அதிலும் சந்தேகமென்றால் பெட்டியைத் திருப்புங்கள். பின்னால் ஒட்டியிருப்பதில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்ஸ் என்பதுபோல ஏதாவது இருக்கும். 60 வாட்ஸ் குடிக்கிற பெட்டி 5000 வாட்ஸை எங்கிருந்து கக்கும்? சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணிவிட்டுத்தான் துண்டுக்குள் விரலைப் பிடிக்கிற ஊர்க்காரர்கள் நாம். சவுண்டு பெட்டி என்றதும் பின்பக்கம் பார்க்கக் கூசிவிடுகிறது.

நானும் யோக்கியனில்லை. பொருட்காட்சி ஒன்றில் '10,000 வாட்ஸ்' டவர் ஸ்பீக்கர் ஜோடி வாங்கினேன். இரண்டாம் மாதம் வலையைக் கழற்றினால், நான்கு கூம்பில் இரண்டு வெறும் பிளாஸ்டிக் மூடி. ஒயரே போகவில்லை. இப்போது ஒன்றின்மேல் துளசித் தொட்டி நிற்கிறது.

கே: பில் வேண்டாமென்றால் 800 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். வாங்கினேன். இப்போது ஓடவில்லை. – கரூர்

ப: மிச்சமான 800-ஐ ரிப்பேருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பென்ஷன் பணத்தில் பேரனுக்காக வாங்கினேன். பிரித்தபோதே கூம்பு கிழிந்திருந்தது. அட்டைப்பெட்டியின் சீரியல் எண்ணும் சப்-வூஃபரில் உள்ள எண்ணும் வேறு. கேட்டால், "நீங்கதாம்மா கிழிச்சிருப்பீங்க" என்கிறார்கள். – தாராபுரம்

ப: தப்பு உங்கள் பேரில் இல்லைங்கம்மா. கூம்பைக் கிழித்திருக்கலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், எண்ணையுமா நீங்கள் மாற்றியிருப்பீர்கள்? இரண்டு எண்ணையும் பில்லையும் பேரனை விட்டுப் படமெடுக்கச் சொல்லுங்கள். வேறு பெட்டியோ பணமோ 15 நாளில் வேண்டும் என்று கடைக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லிவையுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 2 வருடம் அவகாசம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

இதற்கிடையில் "பெட்டியைக் கொண்டாங்க, பார்க்கலாம்" என்று கூப்பிடுவார்கள். பெற்றுக்கொண்டதாக, சீரியல் எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் மட்டும் கொடுங்கள்.