‘ஜூக்’ யாருடையது? – கடிதம்

அன்புள்ள சார்,

மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டரின் ‘ஜூக்’ (1952) என்ற பதிவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைக் கேட்க ஆரம்பித்தேன். போன வாரம் ஸ்னூக்கி பிரையரின் ‘ஸ்னூக்கி அண்ட் மூடீஸ் பூகி’ கேட்டேன். 1948-ல் வந்தது. ஆரம்பத்தில் அதே மவுத் ஆர்கன் வரி! ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது. வால்டர் திருடினார் என்றுதானே அர்த்தம்? கற்றுக்கொள்ள எந்த மவுத் ஆர்கன் வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

இந்த இரண்டு பதிவுகளையும் நானே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பத்துத் துளை, ஒற்றை வரிசை, சி சுருதி வாங்குங்கள். கடையில் முதலில் எடுத்து நீட்டும் இரட்டை வரிசை வேண்டாம். என் சித்தப்பா அதில் பழைய சினிமாப் பாட்டு வாசித்தால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அதை வாங்கி நான் ‘ஜூக்’ வாசிக்கப் பார்த்ததில் உதடு வீங்கியதுதான் மிச்சம். ஒற்றை வரிசையில் ஊதும் ரீடும் (ஒலி எழுப்பும் சின்ன உலோக நாக்கு) உறிஞ்சும் ரீடும் ஒரே அறைக்குள் இருக்கும். உறிஞ்சும்போது நாக்கைப் பின்னுக்கு இழுத்தால் சுரம் கீழே வழுக்கும். ப்ளூஸின் அழுகையே அதுதான். இரட்டை வரிசையில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை. தலைகீழாக நின்றாலும் சுரம் அப்படி வளையாது. “அதை ஏன்டா அழ வைக்கிறே?” என்று சித்தப்பா பிடுங்கி வைத்துக்கொண்டார்.

சரி, திருட்டு. அந்த வரியை முதலில் பதிவு செய்தவர் ஸ்னூக்கி. ஆனால் பதிவான தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு பேரும் சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருவில் வாசித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்து கரண்டுக்கு ஒயர் இழுத்து, ஆம்ப்ளிஃபயர் வைத்து வாசிப்பார்கள். வால்டர் 1947-ல் முதலில் பதிவு செய்ததே அந்தத் தெருக் கடை ஒன்றுக்காகத்தான். ஒருவர் வாசித்தது இன்னொருவர் காதில் விழாமல் இருக்க அங்கே வழியே இல்லை. அதற்குமுன் அந்த வரி எத்தனை வாய்களில் இருந்ததோ, அவர்களையெல்லாம் எந்த ஸ்டுடியோ கூப்பிட்டது? யூடியூபில் இருப்பது மட்டும்தான் சரித்திரமா?

அப்புறம், நீங்கள் இரண்டிலும் முதல் பத்து நொடிதான் கேட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். வால்டர் அந்த வரியை முதல் சுற்றோடு விட்டுவிடுகிறார். பிறகு சுற்றுக்குச் சுற்று வேறு வேறு வரிகள். கைக்குள் மைக்கையும் வாத்தியத்தையும் சேர்த்துப் பொத்தி, ஏதோ சாக்ஸபோன் மாதிரி ஒலிக்க வைக்கிறார். அப்போது அவருக்கு வயது 22. கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் ‘ஜூக்’ எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது.

பெயரும் பணமும் என்றால் நான் ஸ்னூக்கி கட்சி. மனிதர் அறுபதுகளில் வாசிப்பதையே விட்டுவிட்டுத் தச்சு வேலைக்குப் போனார். எழுபதுகளில்தான் திரும்பி வந்தார். அதற்குள் வால்டர் 37 வயதில் போய்ச் சேர்ந்திருந்தார்.

ஸ்னூக்கியின் பதிவை இன்னொரு தடவை, கடைசிவரை கேளுங்கள். கூடவே கிடார் வாசிப்பவர் மூடி ஜோன்ஸ். தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.