வாசகர் கேள்வி பதில்: நீலக் கோட்டும் நம் ஊர்ப் பழைய மாணவர் சங்கமும்

பழைய மாணவர் சங்கங்களைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கினை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: லண்டனில் என் மகனுடன் பணியாற்றும் ஆங்கிலேயர் ஒருவர் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் உறைவிடப் பள்ளியில் படித்தவர். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அதன் காரியங்களுக்கென்று ஓடிக்கொண்டே இருக்கிறாராம். நான் படித்த பள்ளியின் சங்கமோ ஆண்டுக்கு ஒரு நாள் கூடி, பொன்னாடை போர்த்தி, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கலைகிறது. அவர்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: பெயரைக் கண்டு மருத்துவமனை என்று எண்ணிவிட வேண்டாம். லண்டன் நகரத்து ஆதரவற்ற பிள்ளைகளுக்காக, ஆறாம் எட்வர்டு மன்னர் காலத்தில் 1552ஆம் ஆண்டு, நியூகேட் தெருவில் துறவிகள் வாழ்ந்த பழைய மடத்துக் கட்டடங்களில் தொடங்கப்பட்ட பள்ளி அது. 1902இல் சசெக்ஸ் பகுதியிலுள்ள ஹார்ஷமுக்கு இடம் மாறியது. நீண்ட நீலக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டி, மஞ்சள் காலுறை என்று பதினாறாம் நூற்றாண்டின் டியூடர் மன்னர் காலத்து உடையை மாணவர்கள் இன்றும் அணிகிறார்கள். அங்கே படித்தவர்களுக்கு ‘ஓல்டு புளூஸ்’ என்ற பெயர் அந்தக் கோட்டின் நிறத்தால் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு பேண்டு வாத்தியம் முழங்க அணிவகுத்துப் போவதும், புனித மத்தேயு திருநாளையொட்டி லண்டன் லார்டு மேயரிடம் சென்று புது நாணயம் வாங்கிக்கொள்வதும் அவர்கள் வழக்கம். சுற்றுலாப் பயணிகள் படமெடுப்பது இவற்றைத்தான்.

சங்கத்தைத் தாங்குவது வேறொன்று. பள்ளியை விட்டுப் போகிறவர்களுக்கு விடைபெறும் வழிபாட்டில் ஓர் ஆணை வாசிக்கப்படுகிறது. இந்த இடத்தில் பெற்ற பெரும் நன்மைகளை ஒருபோதும் மறக்கக் கூடாது, பிற்காலத்தில் தத்தம் வசதிக்கேற்ப மற்றவர்களும் அதே நன்மையை அடையச் செய்ய வேண்டும், எங்கே போனாலும் பள்ளியின் நற்பெயரையும் உடன் சுமந்து செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இதை வெறும் சடங்காக விட்டுவிடாமல், நிறைவேற்றுவதற்கான ஏற்பாட்டையும் பள்ளி செய்து வைத்திருக்கிறது. குறிப்பிட்ட தொகையை நன்கொடையாக அளிப்பவர் பள்ளியின் ‘கவர்னர்’ ஆகலாம். அவ்வாறு ஆனவர், தகுதியுள்ள ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்மொழியலாம். இப்படி முன்மொழிவோரில் ஓல்டு புளூஸ் பலர் உண்டு. கட்டணமும் குடும்ப வருமானத்தைப் பார்த்தே நிர்ணயிக்கப்படுவதால், மாணவர்களில் பெரும்பகுதியினர் ஏதோ ஓர் அளவில் சலுகை பெறுகிறார்கள். ஆகவே முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து வெளியேறிய ஒருவருக்கு, இன்று அங்கே ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் படிப்பில் பங்கு இருக்கக்கூடும். அப்படிப்பட்டவரை அழைப்பிதழ் அனுப்பி வரவழைக்க வேண்டியதில்லை.

பழைய மாணவர்கள் பள்ளியைப் புகழ்ந்துகொண்டே இருப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கவிஞர் கோல்ரிட்ஜும் கட்டுரையாளர் சார்லஸ் லாம்பும் 1782இல் அங்கே சேர்ந்தவர்கள். ஆயுள் முழுவதும் நண்பர்களாக இருந்தவர்கள். லாம்பின் வீடு பக்கத்திலேயே இருந்தது. கோல்ரிட்ஜோ தொலைவிலுள்ள டெவன் பகுதியிலிருந்து வந்தவர். விடுமுறையில்கூடப் போக இடமின்றித் திரிந்தவர். வாய்க்கு விளங்காத சாப்பாட்டையும் பிரம்படியையும் அந்தத் தனிமையையும் லாம்ப் பின்னாளில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார். பள்ளி அந்த எழுத்தையும் தன் பெருமையாகவே போற்றுகிறது. நம் ஊர் ஆண்டு மலர்களில், அடித்த வாத்தியாரைப் பற்றி ஒரு வரியாவது வந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: நம் பள்ளிகளுக்கும் அப்படி ஒரு தனிச் சீருடையும் பள்ளிப் பாடலும் இருந்தால் பற்று வளராதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பதில்: அந்த நீலக் கோட்டைப் பள்ளியே இலவசமாகத் தருகிறது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒன்றாகத் தெரிவதற்கு அது உதவுகிறது. நம் அரசும் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுக்கிறது. பழைய மாணவர் சங்கம் அதற்குமேல் ஒரு கோட்டையும் கழுத்துப் பட்டையையும் சுமத்தினால், ஐப்பசி மழையில் அதைத் துவைத்து உலர்த்தப்போவது தாய்மார்கள்தாம். பாடல் நல்ல யோசனை. நேரு 1905 முதல் 1907 வரை படித்த ஹாரோ பள்ளியில் பழைய மாணவர்களும் சேர்ந்து பாடும் பள்ளிப் பாடல்கள் உண்டு. சினிமாக் கவிஞரைத் தேடிப் போகாமல், உங்கள் பள்ளித் தமிழாசிரியரையே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆங்கிலேய உறைவிடப் பள்ளிச் சங்கங்கள் மேட்டுக்குடியினர் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொள்ளும் கூடாரங்கள் அல்லவா? டெல்டா விவசாயி மகனுக்கு அதில் கற்க என்ன இருக்கிறது?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. ஈட்டன் பள்ளியை 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் எழுபது ஏழை மாணவர்களுக்காக நிறுவினார். அதுவே பிரிட்டனுக்கு இருபது பிரதமர்களைத் தந்து, பணமும் செல்வாக்கும் உள்ளவர்களின் பள்ளியாக ஆகிவிட்டது. ஏழைக்கென்று எழுதி வைத்த சொத்து யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று ஒவ்வொரு தலைமுறையும் கேட்காவிட்டால் அப்படித்தான் ஆகும்.

அதைக் கேட்டவர்கள் நம் மண்ணிலேயே இருந்திருக்கிறார்கள். ஒரத்தநாட்டிலும் இராஜாமடத்திலும் தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பம் ஏற்படுத்திய சத்திரங்கள் இருந்தன. அவற்றின் நிலவருவாயில் மாணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கிடைத்தன. ஆனால் அந்த வசதி நெடுங்காலம் ஒரு சாதிப் பிள்ளைகளுக்கே இருந்தது. நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டு என்னும் மாவட்ட ஆட்சி மன்றத்தின் தலைவராக இருந்தபோது, அந்த விடுதிகளின் கதவைப் பிற சாதி மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். 1940இல் லண்டனுக்குச் செல்லும் வழியில் விமானத்தோடு மறைந்துபோன அதே பன்னீர்செல்வம்தான். அந்த விடுதிகளில் தங்கிப் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியானவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். உறைவிடப் பள்ளி மரபு என்றதும் சசெக்ஸைப் பார்ப்பதற்கு முன் ஒரத்தநாட்டைப் பார்ப்பது நல்லது. அங்கே தங்கிப் படித்த முதியவர்கள் யாராவது உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால், அவர்கள் சொல்வதை இப்போதே பதிவுசெய்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் அரசு உதவி பெறும் பள்ளி நூற்றாண்டைக் கடந்துவிட்டது. நுழைவாயிலில் வளைவு கட்டலாம் என்கிறார்கள் சிலர். மலர் போடலாம் என்கிறார்கள் வேறு சிலர். சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருப்பவர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?
— பழைய மாணவர் சங்கச் செயலர், கும்பகோணம்

பதில்: வளைவு ஓடிவிடாது, அது காத்திருக்கட்டும். தலைமையாசிரியரின் அனுமதியோடு பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கும் பீரோவைத் திறந்து பாருங்கள். கணித மேதை சீனிவாச இராமானுஜன் டவுன் ஹைஸ்கூலில் படித்த ஊர் உங்களுடையது, உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஊரும் அதுவே. அவ்வளவு பெரிய பெயர்கள் உங்கள் பதிவேட்டில் இல்லாவிட்டாலும், மாணவன் பெயர், தகப்பனார் பெயர், ஊர், பிறந்த தேதி, பள்ளியை விட்ட நாள், விட்ட காரணம் என்று மைக்கூட்டுப் பேனாவால் நிரப்பிய அந்தப் பத்திகள்தாம் உங்கள் பள்ளியின் வரலாறு. அவை பள்ளியின் நிரந்தர ஆவணங்கள் என்பதால் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. பள்ளியிலேயே வைத்து ஸ்கேன் செய்யுங்கள். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் மீட்க முடியாத கேடு. செல்லரித்த ஏடுகளைக் கையாளும் முறையைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தாரிடம் கேட்டுக்கொள்ளலாம். சாதி, மதப் பத்திகளும் அதில் இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸப்பில் பரப்பிவிடாதீர்கள்.

அடுத்தது பணம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு இல்லாமல் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் நிதி திரட்டுவது பிற்பாடு மனத்தாங்கலில்தான் முடியும். வெளிநாட்டில் வேலை செய்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர் அல்லது பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் நேற்றுவரை உங்கள் தெருக்காரராக இருந்தாலும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டையே வைத்திருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். அதற்குரிய அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. ஆகவே நன்கொடையாளர் பட்டியலில் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டு, ஒரு தணிக்கையாளரைப் பாருங்கள்.

திரண்ட நிதியை வங்கியில் நிலைவைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் இரண்டு மாணவிகளின் கல்லூரி முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்த முடிந்தால் போதும். மலரை அதற்குப் பிறகு அச்சிடலாம். அப்போது அதில் எழுதுவதற்கு விஷயமும் இருக்கும்.